எந்தக் கோடியில் இறங்குவது?

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று ஓடுகிற எல்லாவற்றுக்கும் அங்கே தொழிற்சாலை இருக்கிறது. மூன்று ஷிப்டுக்கும் பஸ் ஓடும். அந்தச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வடக்குப்பட்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இந்த ஊரில் குழி போட்டு அகழ்ந்தபோது கற்காலத்துக் கல் கருவிகள் கிடைத்தன. அதற்கு மேலடுக்குகளில் பிற்காலத்து மட்பாண்டங்களும் வந்தன. அவ்வளவு காலமாக ஆள் குடியிருந்த மண் என்றால் தண்ணீர் பக்கத்திலேயே இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

தண்ணீருக்குக் குறைவில்லாத வட்டாரம்தான் இது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். 2019-இல் காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று இரண்டாகப் பிரித்த பிறகும், இரண்டிலும் சேர்த்து பொதுப்பணித் துறைக் கணக்கில் வந்த ஏரிகள் 909. ஊராட்சி ஒன்றியங்களின் சிறிய ஏரிகள் இதில் சேராது. வடக்குப்பட்டைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சில மைலுக்குள் ஒரு கரையும் அதன் மேல் பனை வரிசையும் கண்ணில் படும்.

இந்தக் கரைகளுக்கு இப்போது புதிய ஆட்கள் வருகிறார்கள். தொழிற்சாலை வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருக்கும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கே போவார்கள்? ஏரிக்கரைக்குத்தான். நின்று பார்க்கிறவர்கள் ஒருநாள் இறங்கவும் ஆசைப்படுவார்கள். அதில் காற்றுப்பலகையும் ஒன்று. பலகையின் மேல் பாயை நட்டு, கையால் பிடித்துக்கொண்டு நின்றபடியே காற்றில் ஓடுவது. ஆங்கிலத்தில் விண்ட் சர்ஃபிங். 1984 லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதையே ஃபாயில் பலகையாக மாற்றிவிட்டார்கள். பலகைக்கு அடியில் ஒரு தண்டு, தண்டின் முனையில் விமான இறக்கை போல ஒன்று. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பும். இறக்கை மட்டும் நீருக்குள் ஓடும்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு பெரும்பாலும் முட்டுக்காடு கழிமுகம், இராமேசுவரம் என்று உப்புத் தண்ணீரை ஒட்டியே நடக்கிறது. ஏரியில் இறங்க வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால், இடம் காட்ட வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பது பயிற்சியாளரைவிட மாடு மேய்க்கிறவருக்கு நன்றாகத் தெரியும். லாரி டியூபிலும் தெர்மாகோல் மிதவையிலும் வலை போடப் போகிறவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பலகைக்கு நல்ல இடமே பிள்ளைகள் நீந்துவதற்கும் நல்ல இடம். அதனால் காற்றுப்பலகையை வாழ்நாளில் பார்க்கவே போகாத குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு உதவும்.

முதலில் மாதம். காற்றும் தண்ணீரும் ஏரியில் ஒன்றாக வருவதில்லை. ஆடியில் அடிக்கிற மேல்காற்றுக்குப் பலகை பறக்கும். ஆனால் ஆடியில் ஏரியில் தண்ணீர் எங்கே? ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே கொட்டுகிறது. ஏரி நிறைவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் புயல், இடி, மின்னல். திறந்த நீர்ப்பரப்பின் நடுவில் உயரமாக நிற்கிற ஒரே பொருள் பாய்மரம் என்றால் மின்னலுக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. வரத்துக்கால் ஓடிக்கொண்டிருக்கிற நாளிலும் கலங்கல் வழிகிற நாளிலும் யாரும் இறங்கக் கூடாது. மிச்சம் இருப்பது மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை. அதாவது நவரைப் பட்டம். இதை மறக்கக் கூடாது, பின்னால் வரும்.

அடுத்தது காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்பது. மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். மாசி பிறந்த பிறகு கடல்காற்று முந்திக்கொள்ளும். நண்பகலுக்குப் பின் கோவளம் பக்கம் கரையேறி, உள்நாட்டுக்குள் மெதுவாக வந்து, ஒரகடம் பக்கம் சேர மாலை மூன்று, நான்கு மணி ஆகிவிடும். தென்கிழக்கிலிருந்து வரும். வெயில் ஏற ஏற மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று தாமதமாகும். சில நாள் வராமலே போகும்.

இந்தக் காற்றை ஏரியின் அமைப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கே, உள்வாய் மேற்கே. கரை வடக்கிலும் தெற்கிலும் வளைந்து போய் மேட்டு நிலத்தோடு சேரும். அந்த இரண்டு முனையும் கோடி. 'ஏரி கோடி போகுது' என்றால் நிரம்பி வழிகிறது என்று இந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. இங்கே சொல்லும் கோடி கரை முடிகிற முனை.

புதிதாக வருகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது கரையின் நடுப்பகுதி. வண்டி நிறுத்த இடம் இருக்கும், மதகு இருக்கும், தண்ணீர் கால் அடியிலேயே ஆழமாக இருக்கும். இறங்கத் தோதான இடம் என்றுதான் தோன்றும். ஏரியிலேயே மோசமான இடம் அதுதான். வாழைத் தோட்டத்துக்குச் சவுக்கு வரிசை நட்டவர்களுக்குக் காரணம் தெரியும். காற்றுத் தடுப்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் பத்து முதல் இருபது மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் குறையும். கரை பதினைந்து அடி, அதன் மேல் பனை நாற்பத்தைந்து அடி என்றால் அறுபது அடி. மாலையில் கடல்காற்று கரைக்குப் பின்னாலிருந்து வரும்போது, கரையோரம் அறுநூறு அடிக்குக் காற்று செத்துக் கிடக்கும் அல்லது சுழன்று சுழன்று அடிக்கும். பாயைத் தூக்கினால் நிற்காது. அதைத் தாண்டிப் போய்விட்டால் காற்று சட்டென்று பிடித்து மேற்கே தள்ளும். திரும்பி வர முடியாது. ஏரியை ஒட்டித் தொழிற்சாலைக் கூடாரம் எழும்பியிருந்தால் அதற்கும் இதே கணக்குதான். நாற்பதடிச் சுவருக்குப் பின்னால் நானூறு அடிக்குக் காற்றை நம்ப முடியாது.

மேல்காற்று நாளில் கதை தலைகீழ். அப்போது அலை முழுவதும் கரையில் வந்து மோதும். கரையின் உட்புறம் அலை அரிக்காமல் இருக்கப் பாவிய கற்களில் பலகை மோதி உடையும். ஆள் விழுந்தால் காலும் உடையும். இறங்க வசதி என்று அந்தக் கற்களைப் பெயர்த்துப் படிபோல் அடுக்குவார்கள். அடுத்த மழைக்குக் கரை அந்த இடத்தில் அரிக்கத் தொடங்கும். இது ஊருக்கு வரும் நஷ்டம்.

மதகுப் பக்கம் போகவே கூடாது என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. திறந்திருக்கும் மதகு மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுக்கும். நீந்தத் தெரிந்தவரையும் இழுக்கும். பழைய தூம்பு மதகுகளில் இழுப்பு எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து தெரியவே தெரியாது. இறங்குமுன் நீர்க்கட்டியிடம் ஒரு வார்த்தை: "ஐயா, இன்னிக்கு மதகு திறந்திருக்கா?" நீராணிக்காரர் என்றும் சில ஊரில் சொல்வார்கள். அவர் திறந்திருக்கிறது என்றால் அன்றைக்கு மதகிலிருந்து ஐம்பது அறுபது தப்படி தள்ளியே இருக்க வேண்டும்.

சரி, எதிர்ப்பக்கமான உள்வாய்? மாடு இறங்குகிற பக்கம். சரிவு மெதுவாக இருக்கும், பிள்ளைகள் கால் வைத்து நிற்கலாம். மாலைக் கடல்காற்று உள்வாயை நோக்கித்தான் வீசும் என்பதால் தவறி விழுந்தாலும் காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நீச்சல் பழகுவதற்கும், அடியில் ஒன்றும் இல்லாத சாதாரணப் பலகையில் நிற்கப் பழகுவதற்கும் உள்வாய் போதும். ஃபாயிலுக்கு ஆகாது. ஒலிம்பிக்கில் ஓட்டுகிற ஃபாயிலின் தண்டே 95 சென்டிமீட்டர், ஏறக்குறைய மூன்றடி. அதன் கீழே இன்னும் ஓரடி, ஒன்றரையடி வெறும் தண்ணீர் வேண்டும். உள்வாயில் அவ்வளவு ஆழத்துக்குச் சேற்றில் நூறு கஜம் நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் அளவு சேற்றில் பலகையைச் சுமந்து நடந்தவர் மறுவாரம் வரமாட்டார்.

உள்வாயில் இன்னொன்றும் உண்டு. சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் பல ஏரிகளின் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். மரத்தை வெட்டி ஏலம் விட்ட பிறகும் அடிக்கட்டைகள் நிற்கின்றன. தண்ணீர் முழங்கால் அளவு ஏறியதும் கட்டை மறைந்துவிடும். மேலே எழும்பி ஓடுகிற ஃபாயில் கட்டையில் இடித்தால் பலகை அங்கேயே நிற்கும், ஆள் நிற்கமாட்டார்.

அப்படியானால் மிஞ்சுவது இரண்டு கோடிகள். கரை வளைந்து மேட்டோடு சேருகிற இடத்தில் மண் கெட்டியாக இருக்கும், சில தப்படியிலேயே இடுப்பளவு தண்ணீர் கிடைக்கும், காற்று பக்கவாட்டில் வரும். பக்கவாட்டுக் காற்றில்தான் போன வழியே திரும்ப முடியும். கொஞ்சம் கரையை நோக்கிச் சாய்ந்து வீசினால் இன்னும் நல்லது. பாய் கிழிந்தாலும் ஆள் கரைக்கே வந்து சேருவார். கரை கிழக்கே உள்ள ஏரியில் வாடைக்காற்று மாதங்களில் தென்கோடி நல்லது. மாசிக்கு மேல் மாலையில் தென்கிழக்குக் காற்று வரும்போது வடகோடி நல்லது. மாறிப் போனால் காற்று நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போகும். கலங்கல் எந்தக் கோடியில் இருக்கிறதோ, தண்ணீர் கலங்கல் மட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வரை அந்தக் கோடியை விட்டுவிட வேண்டும். எல்லா ஏரியும் கிழக்கு பார்த்ததல்ல. கரை வேறு திசையில் இருந்தால் கணக்கையும் அதற்கேற்பத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு பிடி உலர்ந்த மண்ணைத் தூவிப் பார்த்தால் திசை தெரியும். களத்தில் நெல் தூற்றுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகம் பார்க்கவும் கருவி வேண்டாம். மரத்தில் சிறு கிளைகள் அசைந்து, மண்ணில் தூசு எழும்பினால் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. சாதாரணப் பலகைக்கு அது வேண்டும். ஃபாயில் பதினைந்திலேயே எழும்பிவிடும்.

கோடியிலும் ஒரு ஆபத்து மறைந்திருக்கலாம்: சவுடு எடுத்த குழி. நான்குவழிச் சாலைக்கும் மனைப்பிரிவு நிரப்பவும் இந்த வட்டாரத்து ஏரிகளில் போன சவுடு கொஞ்சநஞ்சமல்ல. வண்டல் எடுத்து வயலில் போடுவது வேறு. அது மேலோடு மேலாக அள்ளுவது. ஏரிக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. பொக்லைன் வெட்டிய குழி செங்குத்தாக இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிற பிள்ளை அடுத்த காலடியில் தலைக்கு மேல் பத்தடி ஆழத்துக்குப் போய்விடும். கலங்கிய தண்ணீரில் விளிம்பு தெரியாது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பத்திரிகையில் வருகிற ஏரிச் சாவுகளில் நீச்சல் தெரியாததோடு இந்தக் குழியும் சேர்ந்தே வருகிறது. வெளியூர்க்காரர்கள் இறங்கும் இடம் வேண்டும் என்று கேட்டு வந்தால், அந்தச் சாக்கிலாவது குழிகளைச் சுற்றிக் கம்பு நட்டுக் கொடி கட்ட வேண்டும். ஆறு மூங்கிலும் கொஞ்சம் சிவப்புத் துணியும் போதும்.

வலையும் இருக்கிறது. மீன் பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருப்பார். மாலையில் வலை கட்டி விடியற்காலையில் எடுப்பார். ஃபாயில் வலையில் சிக்கினால் வலையும் போகும், சண்டையும் வரும். எங்கே வலை என்று அவரைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் ஃபாயில் ஓடாது. அது மண்டியிருந்தாலே சாக்கடையோ உரநீரோ சேர்கிறது என்று அர்த்தம். நுரை மிதந்தால், நிறம் மாறினால் இறங்க வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தாலும் வேண்டாம். எலிக்காய்ச்சல் வருவது அந்த வழியாகத்தான். பறவைகள் கூடு கட்டுகிற ஏரி என்றால் கார்த்திகை முதல் பங்குனி வரை பாயே காட்டக் கூடாது. வேடந்தாங்கல் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்ததால்தான். செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர். அதில் விளையாட்டுப் பேச்சே இல்லை.

இனி, முன்பு சொன்ன நவரைக்கு வரலாம். தண்ணீரும் காற்றும் ஒருசேர இருக்கிற அந்த மூன்று மாதமும் மதகு திறந்திருக்கிற மாதம்தான். நட்ட பயிருக்குத் தண்ணீர் போகப் போக ஏரி வாரம் ஒரு சாண் குறையும். இறங்குகிற இடமும் அதோடு நகர்ந்துகொண்டே போகும். தையில் காட்டிய இடம் பங்குனியில் மணல்மேடு. பலகை ஓட்டுகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும்.

ஹைதராபாத்தில் உசேன் சாகர் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹி அரசர் காலத்தில் கட்டிய ஏரி. அதற்கும் நம்மூர் போலவே கிழக்கே கரை. அந்தக் கரையைத்தான் இப்போது டாங்க் பண்ட் என்று சாலையாக ஆக்கியிருக்கிறார்கள். ராணுவத்தின் பாய்மரப் படகுச் சங்கமும் ஹைதராபாத் யாட் கிளப்பும் அங்கே தேசிய அளவில் போட்டி நடத்துகின்றன. நல்ல மேல்காற்று அடிக்கிற தென்மேற்குப் பருவத்திலேயே நடத்துகின்றன. நம் ஏரி வெடித்துக் கிடக்கிற ஆடியில் அங்கே எப்படித் தண்ணீர்? கீழே தண்ணீர் கேட்க வயல் இல்லை. ஆயக்கட்டு எப்போதோ நகரமாகிவிட்டது. கூடவே நகரத்துக் கழிவுநீரும் ஓடை வழியாக வந்து சேருகிறது. ஆண்டு முழுவதும் நிறைந்த ஏரி என்று அதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரகடம் பக்கத்தில் ஆயக்கட்டு சுருங்குவது புதிதல்ல. சிப்காட் எடுத்த நிலம், மனை போட்ட நிலம் போக, சில ஏரிகளின் மதகுக்குக் கீழே வாய்க்கால் போய் முட்டுவது காம்பவுண்டுச் சுவரில். மிச்சம் இருக்கும் ஐம்பது ஏக்கருக்காக எதற்கு மதகைத் திறக்கிறீர்கள், படகு விட்டால் ஊருக்கு வருமானம் என்று சொல்ல ஆள் வருவார். பலகை தண்ணீரைக் குடிக்காது. பலகைக்காகத் தண்ணீரை நிறுத்தி வைக்கச் சொல்கிற ஏற்பாடுதான் குடிக்கும். அனுமதி கொடுக்கிற நாளிலேயே, மதகு திறப்பது ஆயக்கட்டுக்காரர் முடிவு, நீர்மட்டம் பற்றி விளையாட்டுக்காரர் கேட்க உரிமை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை கம்மியானாலும் பரவாயில்லை.

எழுதி வாங்குவது யார்? ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழ்ப்பட்டது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதையும் கேட்க வேண்டும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று தனிக் குழு குடவோலையில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்; நம் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துப் போகலாம்.

மே 1 அன்று கிராமசபை கூடும். அதற்குள் பெரும்பாலான ஏரிகள் வற்றி, குழியும் கட்டையும் வெளியே தெரியும். கூட்டம் முடிந்த கையோடு நீர்க்கட்டி, பாசி ஏலதாரர், இரண்டு இளவட்டங்கள் என்று நாலு பேராக உள்வாயிலிருந்து கரை வரை ஏரிக்குள் நடந்து பார்க்கலாம். குழிக்குக் குழி கம்பு நட்டு ஆழம் அளந்து, கருவேலங்கட்டை நிற்கும் இடத்தையும் இரண்டு கோடியையும் ஒரு தாளில் வரைந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே போய்விட்டு வந்து, பிறகு சபையில் உட்காரலாம். நட்ட கம்புகளைச் சொர்ணவாரி அறுப்பு வரை மாடு சாய்க்காமல் பார்த்துக்கொள்ள ஆடு மாடு மேய்க்கிறவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.